மூக்கைப் பிடித்த படம்

20.1.2025, திங்கள்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சகோதரி டெல்பின் மேரி அவர்களுக்கு,

பெபிஷாவின் வேதியியல் ஆசிரியர் ஜெப்சன் எழுதுகிறேன். உங்கள் போனுக்குப் பலமுறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகத்தான் சொல்கிறது. சனிக்கிழமை மணவாளக்குறிச்சிவரை பஸ்ஸில் வந்து, உங்கள் வீட்டுக்கே நடந்து வந்தேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அதனால்தான் தபால்.

பெபிஷா எட்டாம் தேதியிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. பிளஸ் டூ பிள்ளை. பிப்ரவரி பதினேழாம் தேதி எங்கள் பள்ளியில் வேதியியல் செய்முறைத் தேர்வு. அன்றைக்கு அவள் லேப்பில் நிற்கவில்லை என்றால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் இந்த வருஷம் போய்விடும்.

நடந்தது வருத்தமானதுதான். நான் மீம் வைத்துப் பாடம் நடத்துகிறவன். பாடத்தில் வருகிற ஒரு விஷயத்தை ஒரு முகத்தோடும் ஒரு வரிக் கிண்டலோடும் சேர்த்துக் காட்டினால் பிள்ளைகள் மறப்பதில்லை. முதலில் சினிமா காமெடி நடிகர்களின் படங்களைத்தான் வைத்தேன். சபை நடத்தும் பள்ளியின் சுவரில் சினிமாக்காரன் முகம் இருக்கக் கூடாது என்று தாளாளர் ஐயா தடுத்துவிட்டார். சரி, நம் பிள்ளைகளின் முகத்தையே வைப்போம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பெபிஷா தானாக முன்வந்தாள். அவளும் அவள் தோழி ஜினிஷாவும் கடற்கரையில் எடுத்து எனக்கு அனுப்பிய படம் அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே உருட்டிக்கொண்டு நிற்பாள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயுவைப் பற்றிய பாடம். "ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தாச்சு, சொல்லாமலே தெரியும்" என்று அதில் எழுதினேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

யாரோ வாயுவின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'அம்மா' என்று போட்டு ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். படம் எடுத்தது ஜினிஷா வீட்டுப் போனில். அவள் வழியாகத்தான் வெளியே போயிருக்கும் என்று பள்ளி முடிவு செய்து, காலைக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்திக் கண்டித்து, மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறது. நடவடிக்கை எடுத்தாயிற்று. இனி தயங்காமல் பெபிஷாவை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஜெ. ஜெப்சன்


24.1.2025

சாருக்கு,

டெல்பின் எழுதுவது. சகோதரி என்று போட்டிருந்தீர்கள். எட்டு வருஷமாக உங்கள் தெருவில் மீன் விற்கிறேன், உங்கள் வீட்டிலும் வாங்குவார்கள். அங்கே என் பெயர் 'மீன்காரி'தான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. திடீரென்று சகோதரி ஆனதுதான் பயமாக இருக்கிறது.

போன் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. அதில் எதையாவது எழுதினால் அதையும் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப ஒருத்தன் இருப்பான். அதனால் நீங்களும் தாளிலேயே எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள் நான், வாசிப்பேன்.

நடவடிக்கை எடுத்தாயிற்று என்று, கரண்ட் பில் கட்டியாயிற்று என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன். நான் பஸ்ஸில் ஏறினால் சிலர் முகம் சுளிப்பது எனக்குப் பழக்கம். கல்யாணம் ஆன மறு மாசத்திலிருந்து பார்க்கிறேன். இப்போது என்னைப் பார்த்ததும் பையன்கள் மூக்கைப் பிடித்துக் கண்ணை மேலே உருட்டுகிறார்கள். என் மகள் செய்தது மாதிரியே செய்கிறார்கள். என் மகளின் முகத்தை வைத்து என்னைச் சுளிக்கிறார்கள் சார். ஒருத்தன், "அம்மா வந்தாச்சு, சொல்லாமலே தெரியும்" என்று சத்தமாகச் சொன்னான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார்.

பெபிஷா ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறாள். சாளை மீன் கறி வைத்தால் தட்டைத் தள்ளி வைக்கிறாள். ஒரு காலத்தில் சாமியார், கண்டக்டர், நான் என்று எல்லாரையும் போலச் செய்து காட்டி வீட்டையே சிரிக்க வைக்கிறவள். இப்போது அவள் முகம் துடைத்த சிலேட்டு மாதிரி இருக்கிறது. அவளிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்கப் பயமாக இருக்கிறது. அந்தப் படத்தில் பின்னால் தரையில் இருப்பது என் மீன் பாத்திரம். அதன் பக்கத்தில் நின்று மூக்கைப் பிடித்தபோது அவளுக்கு நிஜமாகவே அப்படித் தோன்றியதா?

ஜினிஷாவின் அம்மா ஸ்டெல்லாவும் நானும் சாயங்காலச் சந்தையில் பதினாறு வருஷம் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். இப்போது எங்கள் நடுவில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் அவளை அழைத்து உட்கார வைத்தேன்.

பிள்ளையை இப்போதைக்கு அனுப்ப முடியாது.

டெல்பின்


28.1.2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பிரித்தேன். அங்கே படித்து முடிக்க முடியாமல் லேப்பில் போய் உட்கார்ந்து படித்தேன். பஸ்ஸில் உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது.

ஆனால் ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். இது கெட்ட எண்ணத்தில் தொடங்கியது அல்ல. போன வருஷம் அரையாண்டுத் தேர்வில் என் வகுப்பில் நாற்பத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் ஃபெயில். வேதியியல் என்றாலே பிள்ளைகள் மேசையில் தலை சாய்த்துவிடுவார்கள். மீம் வைக்க ஆரம்பித்த பிறகு, மணி அடித்தும் எழுந்து போகாமல் "சார், இன்னொண்ணு போடுங்க" என்றார்கள். இந்த அரையாண்டில் ஃபெயில் நான்கு பேர்தான். பெபிஷா எண்பத்தொன்று வாங்கினாள். சுவரில் அவளுடைய படம் ஒட்டியபோது பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை, நான் பார்த்தேன்.

ஜினிஷாவின் விஷயம் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதில் நான் தலையிடுவது அவ்வளவு சுலபம் அல்ல. இந்த இடத்தில் இன்னும் சில வரிகள் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பிறகு ஒரு நாள் சொல்கிறேன்.

பெபிஷாவின் ரெக்கார்டு நோட்டில் இரண்டு சோதனைகள் பாக்கி. நோட்டைக் கொடுத்தனுப்பினால் என்ன எழுத வேண்டும் என்று பென்சிலில் குறித்துத் தருகிறேன். இருபது நாள்தான் இருக்கிறது. அவள் என்மேல் கோபமாக இருக்கிறாளா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ஜெப்சன்


1.2.2025

சாருக்கு,

கோபமாக இருக்கிறாளா என்று பெபிஷாவிடம் கேட்டேன். "சாரு பாவம், அவரு என்ன செய்வாரு" என்றாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் இந்தக் கடிதம் எழுதக் கை கூசுகிறது.

நான் அந்தப் படத்தை இதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை. யாராவது போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நேற்று என் அக்காள் மகன் லிஜினைக் கூப்பிட்டு, "மக்கா, அந்தப் படத்த எடு, நான் ஒருக்கா நல்லாப் பாக்கணும்" என்றேன். "வேண்டாம் சித்தி" என்றான். பிடிவாதமாக வாங்கிப் பார்த்தேன். என் மகள், என் பாத்திரம், பின்னால் கடல், எல்லாம் கலரில் இருக்கிறது. கீழ் மூலையில் பச்சை நிறத்தில் சின்னதாகப் பாதி வெட்டுப்பட்ட எழுத்து. 'வேதியியல் சிரி' என்று இருக்கிறது. பக்கத்தில் 37 என்று ஒரு எண்.

பெபிஷாவிடம் கேட்டேன். வகுப்புச் சுவரில் ஒட்டியது பள்ளிக்கூடத்து ஜெராக்ஸ், கறுப்பு வெள்ளை, மூலையில் பச்சை எழுத்து ஒன்றும் கிடையாது என்றாள். பிறகு, இரண்டு வாரமாகப் போகாத ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வா என்று சொல்லவில்லை. ஜினிஷாதான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் இருக்கிற படத்தில் எழுத்தே கிடையாது. மேலேயும் இல்லை, மூலையிலும் இல்லை. அவள் அதை அனுப்பியது உங்கள் ஒருத்தருக்குத்தான், அதையும் காட்டினாள். "ஏட்டி, பாத்திரத்துக்கப் பக்கத்துல நில்லு, அங்கதான் வெளிச்சம்னு நான்தான் சொன்னேன் மாமி. நான் செஞ்ச தப்பு அது மட்டுந்தான்" என்று அழுதாள்.

ஆக, எழுத்தோடு கலர்ப் படம் வைத்திருந்தவர் ஒரே ஒரு ஆள். வேறு யாரும் மூலையைப் பார்க்கவில்லை சார், எல்லாரும் என் பிள்ளையைத்தான் பார்த்தார்கள். மீனைப் பார்த்தே அது வலையில் வந்ததா தூண்டிலில் வந்ததா என்று சொல்லுகிறவள் நான். நீங்கள் கிழித்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தீர்கள்?

டெல்பின்


4.2.2025

அம்மா,

நான்தான் அனுப்பினேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அனுப்பினேன். புதுமையாகப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு மாவட்ட அளவில் ஒரு விருது. விண்ணப்பத்தில், உங்கள் முறை மற்ற ஆசிரியர்களைச் சென்றடைந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்காக நான் செய்த மீம்களுக்கு 'வேதியியல் சிரிப்பு' என்று பெயர் வைத்து, எண் போட்டு, இருநூற்று ஐம்பது ஆசிரியர்கள் இருக்கும் குழுவில் ஒவ்வொன்றாகப் போட்டேன். முப்பத்தேழாவது பெபிஷாவின் படம். மற்ற எதற்கும் வராத பாராட்டு அதற்கு வந்தது. பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் மீன் பாத்திரம் படத்தில் தெரிவதைக் கவனித்தேன். வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். அது இருந்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வரும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். 'அம்மா' என்று மாற்றியவன் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவன் எழுதியதை அவனுக்கு முன்னாலேயே நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

ஜனவரியில் படம் மாறித் திரும்பி வந்ததும் என் பச்சை எழுத்து எனக்குத் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியர் அறையில் ஜினிஷாவை விசாரித்தார்கள். "சாருக்கு மட்டுந்தான் அனுப்பினேன்" என்று அவள் சொன்னாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் சுவரில் ஒட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினேன்" என்றேன். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வீட்டுக்குப் போய் அவளைத் தூக்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் தாளாளர் ஐயாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "சத்தம் போடாம இரி தம்பி. நம்ம பள்ளிக்குப் பேரு கெட்டுரும். ஒரு மாசம் போட்டும், எல்லாரும் மறந்துருவாங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னை மன்னிக்க முடியுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

ஜெப்சன்


7.2.2025

சாருக்கு,

உங்கள் கடிதத்தை பெபிஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாத்திரம் வரும் இடத்தை மறைத்துவிட்டு வாசிக்கலாம் என்று நினைத்தேன். அவள் தாளை வாங்கித் தானே வாசித்துவிட்டாள். பிறகு எழுந்து போய் என் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் கேட்பது சுலபம் சார். தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜினிஷாவை எங்கே நிறுத்தினார்கள்? அறுநூறு பிள்ளைகள் முன்னால், மைக்கில் பெயர் சொல்லி நிறுத்தினார்கள். நீங்களும் அங்கேதான் நின்றிருப்பீர்கள். அதே இடத்தில், அதே மைக்கில், இப்போது எனக்கு எழுதியதைச் சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள்.

பெபிஷா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஜினிஷா உள்ள போவாம நான் லேப்புக்குள்ள கால் வைக்க மாட்டேன். வருஷம் போனா போட்டும்." அவள் சொன்னால் சொன்னதுதான், என் பிள்ளை.

பதினேழாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

டெல்பின்


12.2.2025

அம்மா,

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

ஜெபம் முடிந்து, செய்தி வாசிக்கும் பிள்ளை வருவதற்குள் மைக் முன்னால் போய் நின்றேன். தாளில் எழுதி வைத்திருந்ததைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு வாயால் சொன்னேன். படத்தை வெளியே அனுப்பியது நான், விருதுக்காக அனுப்பினேன், ஜினிஷா சொன்னது உண்மை, அவள் நிற்கும்போது நான் பொய் சொன்னேன் என்றேன். பாத்திரத்தைப் பற்றியும் சொன்னேன். தலைமையாசிரியர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மைக் பார்க்கும் பெண் அவரைப் பார்க்காததுபோல நின்றுகொண்டாள். கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். சொல்லி முடித்தால் மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

தாளாளர் ஐயா அரை மணி நேரத்தில் வந்தார். "சபைக்க மானத்த மைக்குல ஏத்திட்டியே தம்பி" என்றார். விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விருது விண்ணப்பத்தை நானே திரும்ப வாங்கிவிட்டேன். சுவரில் இருந்த படங்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே உரித்துவிட்டார்களாம். என் வகுப்புக்குப் போகிற ஆசிரியர் பாடப் புத்தகத்தை வரி வரியாக வாசிக்கிறாராம், பிள்ளைகள் மறுபடியும் தலை சாய்க்கிறார்களாம். அது எனக்கு வலிக்கிறது, உங்களிடம் அதை மறைப்பானேன்.

ஜினிஷாவை வரச் சொல்லி அவள் வீட்டுக்குக் கடிதம் போயிருக்கிறது. பதினேழாம் தேதி நான் லேப்பில் இருக்க மாட்டேன். பெபிஷாவிடம் சொல்லுங்கள், முடியும் நேரத்தில் பியூரெட்டின் குழாயை மெதுவாகத் திறக்க வேண்டும், ஒரு சொட்டு கூடினாலும் நிறம் மாறிவிடும், அவளுக்கு அவசரம் அதிகம்.

ஜெப்சன்


19.2.2025

சாருக்கு,

ஜினிஷாவும் பெபிஷாவும் ஒரே பஸ்ஸில் போய் செய்முறைத் தேர்வு செய்துவிட்டு வந்தார்கள். நீங்கள் மைக்கில் சொன்னதால்தான் போனார்கள். அதை நான் சொல்லாமல் இருக்கக் கூடாது.

ஸ்டெல்லா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. "எனக்கப் பிள்ள மைதானத்துல நின்னப்ப நீயும் நம்பினியேட்டி" என்று ஒரு தடவை கேட்டாள். நம்பினேன்தான். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது, அது என் பாவம். சந்தையில் எங்கள் நடுவில் நான் உட்கார வைத்தவள் இப்போது எழுந்துபோக மாட்டேன் என்கிறாள்.

தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாராம். பெபிஷாவின் மேசைக்கு வந்ததும் நின்றுவிட்டாராம். அவள் முகத்தையே பார்த்து, விரலை மூக்குக்குக் கொண்டுபோய்ச் சிரித்து, "நீதானா அந்தப் பிள்ள?" என்றாராம். அடுத்த மேசையில் நின்ற ஜினிஷாவும் கேட்டிருக்கிறாள்.

இவள் பியூரெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆமா சார், நான்தான். பின்னால இருக்கது எனக்க அம்மைக்கப் பாத்திரம். இந்த ரீடிங்க எழுதிட்டு வாறேன், பிறகு கேளுங்க" என்றாளாம். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டாராம்.

"அழுதியா மக்கா?" என்று கேட்டேன்.

"சொட்டு சொட்டா விழுந்துட்டு இருக்கும்மா. கண்ண எடுத்தா கலர் மாறிப் போவும். அழ எங்க நேரம்?" என்றாள்.

நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியை இனி அவளிடம் கேட்க மாட்டேன். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களை மன்னித்தேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் உங்கள் தெருவுக்கு வரும்போது நேரில் சொல்கிறேன்.

நேற்று லிஜின் வீட்டுக்கு வந்தான். "மக்கா, பள்ளிக்கூடத்து சாரு மைக்குல நின்னு தப்ப ஒத்துக்கிட்டாரே, அது ஒனக்க போனுக்கு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"எது சித்தி? அப்பிடி ஒண்ணும் வரல்லியே" என்றான். "அந்தப் படம் மட்டும் இண்ணைக்குக் காலையிலயும் ஒருத்தன் அனுப்பினான்."

டெல்பின் மேரி